புதிய விதைகளும் எமது மண்ணின் உயிர்களும்

மீளக்குடியேறிய கிராமமொன்றில் நடந்த கமக்காரர் கூட்டத்தில் சில மாதங்களுக்கு முன்னர் நாம் அமர்ந்திருந்தோம். சோளச் செய்கையைப் பற்றிய பேச்சு. படைப்புழு தின்று தீர்த்த பயிரைப் பற்றி ஒருவர் மாறி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது பின்வரிசையில் இருந்த வயோதிபர் ஒருவர் எழுந்து, "சுவாமி, புழு பிடிக்காத சோள விதை வெளிநாட்டிலை இருக்காம். அதைப் போட்டால் மண்புழுவும் செத்துப்போகும் எண்டு என்ரை பேரன் சொல்லுறான். உண்மையோ?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எமக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்ததை ஒழுங்காகப் பிரித்துச் சொல்வதற்குக் கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் போதாது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

இது சிரிக்கவேண்டிய கேள்வியல்ல. பத்து, பதினைந்து, சிலவேளை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தம் காணிக்குத் திரும்பியவர்கள் அங்கே கண்டது பற்றைக்காட்டைத்தான். கிணறு தூர்ந்திருந்தது, வரம்பு அழிந்திருந்தது, எல்லைக் கல்லையும் காணவில்லை. ஆனால் மண் சும்மா கிடக்கவில்லை. உழவும் மருந்தும் இல்லாத அந்த ஆண்டுகளில் சருகு விழுந்து உக்க, கறையானும் மண்புழுவும் மரவட்டையும் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. துப்புரவாக்கிய காணியில் முதற்போகம் குறைந்த உரத்துடனேயே நன்றாக விளைந்ததென்று பலர் எமக்குச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் காணிகளும் அப்படியல்ல. கண்ணிவெடி அகற்றுவதற்காக இயந்திரத்தால் புரட்டப்பட்ட நிலமும் உண்டு, மண் அணை கட்டுவதற்காக மேல்மண் வழித்தெடுக்கப்பட்ட நிலமும் உண்டு. அங்கே எவ்வளவு யூரியா போட்டாலும் பயிர் மஞ்சளாகவே நிற்கின்றது. மாட்டையும் வீட்டையும் விதைநெல்லையும் இழந்து வந்தவர்களுக்கு, மண்ணுக்குள் இருக்கும் இந்தச் சிற்றுயிர்களே எஞ்சிய முதல் எனலாம்.

சாள்ஸ் டார்வின் தமது கடைசி நூலை, 1881 இல், மண்புழுக்களைப் பற்றியே எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டொன்றில் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண் மண்புழுக்களின் உடலினூடாகச் சென்று வெளிவருகின்றது என்பது அவருடைய கணக்கு. எமது வரண்ட வலயத்தில் இவ்வேலையில் பெரும்பங்கு கறையானுக்கும் எறும்புக்கும் உரியது. மாரியில் மேலே உழைக்கும் மண்புழு, கோடையில் ஆழத்திற் சென்று சுருண்டு உறங்கிவிடும். இவற்றைவிடக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நுண்ணிய உயிர்கள் ஏராளம். வாலால் உந்தித் துள்ளுகின்ற வெண்ணிறச் சிறு பூச்சிகள், உண்ணிகள், நெமற்றோடு எனப்படும் வட்டப்புழுக்கள் எனப் பலவகை. சருகைக் கடித்துத் துண்டாக்குவது ஒன்று, அதைத் தின்று எச்சமிடுவது இன்னொன்று, எச்சத்திலுள்ள பூஞ்சணத்தை மேய்வது வேறொன்று. இவை நின்றுவிட்டால் சாணமும் பசளையும் போட்ட இடத்திலேயே காய்ந்து கிடக்கும்.

இனி அந்த விதைக்கு வருவோம். மண்ணில் இயற்கையாகவே வாழும் பற்றீரியா ஒன்று உண்டு. பட்டுப்புழுக்களைக் கொல்லும் நோயொன்றை ஆராய்ந்தபோது 1901 இல் ஜப்பானிய விஞ்ஞானி இஷிவாட்டா இதைக் கண்டார். 1911 இல் ஜேர்மனியின் துரிஞ்சியா மாநிலத்தில், மாவைத் தின்னும் அந்துப்பூச்சியிலிருந்து இதைப் பிரித்தெடுத்த பேர்ளினர் என்பவர் அம்மாநிலத்தின் பெயரையே இதற்குச் சூட்டினார். பசிலஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.ரி. இது உண்டாக்கும் புரதம் சிலவகைப் பூச்சிகளின் குடலைத் துளைத்துக் கொல்லும். பிரான்சில் 1938 இலேயே இதைத் தூளாக்கி விற்றார்கள். சேதனக் கமக்காரரும் இன்றுவரை தெளிக்கின்றார்கள். அப்படித் தெளிப்பது வெயிலிலும் மழையிலும் சில நாட்களுக்குள் வலுவிழந்துவிடும். 1996 முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பி.ரி. சோளத்தில் நிலைமை வேறு. அப்புரதத்தை உண்டாக்கும் மரபணுவையே பயிருக்குள் செலுத்திவிட்டார்கள். தெளிப்பான் தேவையில்லை. முளைத்த நாள் தொட்டு அறுவடை வரை இலை, தண்டு, வேர் எங்கும் நச்சுப் புரதம் இருக்கும். அறுவடைக்குப் பின் வயலில் விழும் தாளிலும் அது இருக்கும். தாளை உண்பவை யாவை? மண்ணின் உயிர்களே. கேள்வி இங்கேதான் பிறக்கின்றது.

1999 ஆம் ஆண்டு மே மாதத்தில், பி.ரி. சோளத்தின் மகரந்தம் படிந்த இலையை உண்ட மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் ஆய்வுகூடத்தில் இறந்தன என்ற செய்தி வெளிவந்து உலகமே பேசியது. வயலில் அந்த அளவு மகரந்தம் படிவதில்லை, ஆபத்து மிகக் குறைவு என்று 2001 இல் விரிவான ஆய்வுகள் காட்டின. அதே 1999 இன் இறுதியில், அதே 'நேச்சர்' சஞ்சிகையில், நியூயோர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்டொட்ஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் இன்னொரு செய்தியை வெளியிட்டார்கள். பி.ரி. சோளத்தின் உயிருள்ள வேரே அந்நச்சை மண்ணுக்குள் கசியவிடுகின்றது என்பதே அது. களிமண்ணோடு ஒட்டிக்கொண்ட நச்சு 234 நாட்கள்வரை பூச்சியைக் கொல்லும் வலுவுடன் இருந்ததை அதற்கு முந்திய ஆண்டில் அவர்களின் ஆய்வுகூடம் காட்டியிருந்தது. இச்செய்தி வண்ணத்துப்பூச்சியைப் போலப் பறக்கவில்லை. அழகான சிறகு மண்புழுவுக்கு இல்லைத்தானே.

அப்படியானால் பேரன் சொன்னது சரியா? இல்லை என்றே சொல்லவேண்டும். எமது மொழியில் சோளத்தைத் துளைப்பதும் புழு, மண்ணை உழுவதும் புழு. உண்மையில் இரண்டுக்கும் உறவே இல்லை. முன்னது பூச்சியின் குடம்பி. அதன் குடலின் காரத்தன்மையும், குடற்சுவரில் அந்நச்சு பற்றிக்கொள்வதற்கான இடமும் சேர்ந்தே அதைக் கொல்லுகின்றன. மண்புழுவின் குடல் அத்தகையதன்று. வேரிலிருந்து நச்சுக் கசிவதைக் கண்டுபிடித்த அதே ஸ்டொட்ஸ்கி, 2001 இல், மண்புழு, வட்டப்புழு, பற்றீரியா, பூஞ்சணம் ஆகியவற்றில் வெளிப்படையான தீங்கு எதையும் காணவில்லை என்று எழுதினார். நச்சு மண்புழுவின் குடலிலும் எச்சத்திலும் இருந்தது, புழு சாகவில்லை.

ஆயினும் "சாகவில்லை" என்பதும் "ஒன்றும் ஆகவில்லை" என்பதும் ஒன்றல்ல. சுவிற்சர்லாந்தில் 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ந்த மண்புழுக்களுக்கு 200 நாட்கள் பி.ரி. சோளத் தாளை உணவாகக் கொடுத்தார்கள். ஆரம்ப நாட்களில் வித்தியாசம் எதுவுமில்லை. 200 ஆம் நாளில் அவை தொடக்க நிறையில் 18 சதவீதத்தை இழந்திருந்தன. சாதாரண சோளத் தாளை உண்டவையோ 4 சதவீதம் கூடியிருந்தன. இதற்குக் காரணம் நச்சா, அல்லது அவ்வினத்துத் தாளின் தன்மையா என்பது அந்த ஆய்வால் முடிவாகவில்லை. ஒரு மாடு நிறை குறைந்தால் வைத்தியரிடம் ஓடுகிறோம். மண்புழு மெலிந்தால் எவருக்குத் தெரியும்? இரண்டு வாரம் பார்த்துவிட்டு "பாதிப்பில்லை" என்று எழுதியிருந்தால் இந்த ஆய்வும் அப்படியே முடிந்திருக்கும் என்பதை மட்டும் நாம் மனதில் வைத்துக்கொள்வோம்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. டென்மார்க்கிலும் பிரான்சிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் நடந்த வயல் ஆய்வுகளில் பி.ரி. சோளத்தால் மண்ணுயிர்களில் ஏற்பட்ட மாற்றம் சிறியதாகவே இருந்தது. நிலத்தை உழுதார்களா உழாமல் விட்டார்களா, அது எவ்வகை மண், அந்தப் பருவத்தில் மழை எப்படி என்பவற்றால் ஏற்பட்ட மாற்றம் அதைவிடப் பெரிது. பல ஆண்டுகள் பி.ரி. பருத்தி பயிரிட்ட அமெரிக்க வயல்களின் மண்ணில் நச்சுப் புரதத்தைக் காணவில்லை என்று 2002 இல் ஓர் அறிக்கை வந்தது. அதை எழுதியவர்களில் விதையை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். எனினும் சோளம், உருளைக்கிழங்கு, நெல் ஆகியவற்றின் வேர் நச்சைக் கசியவிடுவதையும் பருத்தி வேர் கசியவிடாததையும் ஸ்டொட்ஸ்கி குழுவினரே 2004 இல் கண்டார்கள். ஆகவே "மரபணுப் பயிர்" என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிப் பேசுவது எதிர்ப்பவர்க்கும் அழகல்ல, விற்பவர்க்கும் அழகல்ல.

இவற்றையெல்லாம் வாசித்தபின் எமக்குத் தோன்றுவது இதுதான். பயிருக்குள் இருக்கும் நச்சைவிட, பயிரோடு கூட வருகின்றவையே மண்ணின் உயிருக்குப் பெரிய ஆபத்து. விதைப் பையைத் திறந்து பார்த்தால் இது விளங்கும்.

பையில் இருக்கும் விதை பெரும்பாலும் பச்சையாகவோ சிவப்பாகவோ நிறமூட்டப்பட்டிருக்கும். நியோநிக்கொற்றினொயிட் என்ற வகைப் பூச்சிநாசினி அதன்மேல் பூசப்பட்டிருப்பதுண்டு. 2011 ஆம் ஆண்டளவில் அமெரிக்கச் சோள நிலத்தில் குறைந்தது 79 சதவீதத்தில் இத்தகைய விதையே விதைக்கப்பட்டது. புழுவுக்கு நச்சு பயிருக்குள்ளேயே இருக்கிறது, பின் ஏன் மேற்பூச்சும்? நியாயமான கேள்வி. பூச்சில் ஒரு சிறு பங்கைத்தான் பயிர் உறிஞ்சும். மிகுதி மண்ணுக்கே. பென்சில்வேனியா மாநிலத்தில் சோயா வயல்களில் செய்த ஓர் ஆய்வு 2015 இல் வெளிவந்தது. பூச்சு விதையிலிருந்து முளைத்த நாற்றை நத்தை இனத்தைச் சேர்ந்த ஓடில்லா அட்டைகள் தின்றன. அவை பூச்சியல்லாதபடியால் சாகவில்லை. ஆனால் அவற்றின் உடலில் ஏறிய நஞ்சு, அவற்றை வேட்டையாடித் தின்னும் தரை வண்டுகளைச் சாய்த்துவிட்டது. வண்டு குறைய அட்டை பெருகியது. பூச்சில்லா விதை போட்ட பாத்தியைவிட அங்கே பயிரின் எண்ணிக்கை 19 சதவீதமும் விளைச்சல் 5 சதவீதமும் குறைந்தன. கமக்காரர் காசு கொடுத்து, தமக்காகச் சம்பளமின்றி உழைத்த காவற்காரரையே கொன்றிருக்கிறார்கள். இப்பூச்சுக்கும் மரபணு மாற்றத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. சாதாரண விதையிலும் இது வரும். ஆகவேதான் விதையின் பெயரைப் பார்த்துப் பயப்படுவதைவிட, விதையின் நிறத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பது மேல் என்கிறோம்.

இரண்டாவது, களைநாசினி. மரபணு மாற்றிய பயிர்களில் மிகப் பெரும்பகுதி களைநாசினியைத் தாங்குமாறு ஆக்கப்பட்டவை. கிளைபோசேற்றை வயல் முழுதும் அடித்தாலும் புல் சாகும், பயிர் நிற்கும். இப்பயிர்கள் வந்த 1996 தொடக்கம் சுமார் இருபது ஆண்டுகளில் உலகில் கிளைபோசேற் பாவனை ஏறக்குறைய பதினைந்து மடங்காகியது. 2015 இல் வியன்னாவில் பச்சைவீட்டுத் தொட்டிகளில் செய்த ஆய்வில், இக்களைநாசினி அடித்து மூன்று வாரங்களுக்குள், செங்குத்தாக ஆழ வளை தோண்டும் மண்புழுக்கள் மேலே எச்சமிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. மண்ணுக்குள்ளேயே வாழும் வேறோர் இனத்தின் இனப்பெருக்கம் மூன்று மாதத்தில் 56 சதவீதம் குறைந்தது. தொட்டி வேறு, வயல் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். களைநாசினியின் துணையால் அமெரிக்காவிலும் ஆர்ஜென்ரினாவிலும் பல கமக்காரர் உழவையே கைவிட்டார்கள். உழாத நிலத்தில் மண்புழு பெருகும் என்பதும் உண்மை. பிரித்தானியாவில் பல வயல்களில் நடந்து 2003 இல் வெளியான பெரிய ஆய்வில், களைநாசினி தாங்கும் பயிர் நின்ற வயல்களில் துள்ளும் சிறு பூச்சிகள் கூடியிருந்தன. காரணம் எளியது. களை நன்றாக வளர்ந்தபின் பிந்தி மருந்தடித்ததால் உக்குவதற்கு அதிக புல் கிடைத்தது. அதேவேளை பீற் கிழங்கு வயல்களிலும் எண்ணெய்க் கடுகு வயல்களிலும் களை விதைகளும் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் குறைந்தன. ஒருவருக்கு விருந்து, மற்றவருக்குப் பட்டினி.

எம்மவரிடம் இதைப் பேசும்போது எமக்கே ஒரு தயக்கம் உண்டு. புல்லுக்கு மருந்தடிக்காதீர்கள் என்று சொல்வது எளிது. கணவனை இழந்து, பிள்ளைகள் தூர இடத்தில் வேலைசெய்ய, இரண்டு ஏக்கரைத் தனியே பார்க்கும் ஒரு தாய்க்குப் புல்லுப் பிடுங்கக் கூலி எங்கிருந்து வரும்? காணி இன்னும் விடுபடாதவர்கள் வேறொருவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒரு போகம் செய்கிறார்கள். அடுத்த போகம் அது தமக்குக் கிடைக்குமோ என்பதே நிச்சயமில்லை. அவர்கள் அந்த நிலத்து மண்புழுவைப் பற்றி ஏன் கவலைப்படவேண்டும்? களைநாசினி தாங்கும் விதை என்று ஒன்று எப்போதாவது எமது சந்தைக்கு வருமானால், அது முதலில் பிடித்துக்கொள்ளப்போவது ஆளணி இல்லாத, காணியுறுதி இல்லாத இந்தக் குடும்பங்களைத்தான். அது அவர்களின் பேராசையால் அல்ல. காணியுறுதி கொடுக்காத அரசிடமும் மண் பாதுகாப்பைப் பற்றிப் பேச உரிமையிருக்கிறதா என்று நாம் திருப்பிக் கேட்கலாம். 2015 இல் கிளைபோசேற்றைத் தடைசெய்து, 2018 இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தளர்த்தி, 2022 இல் தடையை நீக்கிய நாடு எமது. இடைப்பட்ட ஆண்டுகளில் களையெடுக்கும் கருவிக்கோ கூலிக்கோ சிறு கமக்காரருக்கு என்ன கிடைத்தது?

எந்த மரபணுப் பயிரையும் வர்த்தக ரீதியாகப் பயிரிட இலங்கை அனுமதி வழங்கியதில்லை. 2001 இல் இத்தகைய உணவுகளையே தடைசெய்ய முயன்று, பின்னர் அத்தடையைக் காலவரையறையின்றி ஒத்திவைத்தார்கள். 2007 முதல் இவ்வுணவுகளுக்குச் சுட்டுத்துண்டு கட்டாயம். இந்தியா 2002 இல் பி.ரி. பருத்தியை அனுமதித்தது, 2010 இல் பி.ரி. கத்தரியை நிறுத்திவைத்தது. பங்களாதேசம் அதே வகைக் கத்தரியை 2013 இல் அனுமதித்து, மறு ஆண்டு கமக்காரரிடம் கொடுத்தது. எமது சோளத்தில் படைப்புழு 2018 இல் புகுந்ததிலிருந்து, பி.ரி. சோளத்தை இங்கும் கொண்டுவரவேண்டும் என்ற பேச்சுக்கு வலு கூடியிருக்கிறது. ஒரு தகவலை மட்டும் இங்கே சேர்க்கிறோம். இதே படைப்புழு, புவேர்ட்டோ றிக்கோ தீவில் பி.ரி. சோளத்தின் ஓர் இனத்தைத் தாங்கிப் பழகி, 2006 இலேயே அதைத் தின்னத் தொடங்கிவிட்டது.

அந்த விதை வருமானால், அனுமதிக்கு முன்னர் மண்ணுயிர்களைச் சோதித்தோம் என்ற அறிக்கையும் கூட வரும். அந்த அறிக்கையில் எந்தப் புழு என்று பார்க்கவேண்டும். உலகெங்கும் இச்சோதனைக்கு நியமமாகப் பயன்படுவது சாணக் குவியலிலும் கூட்டெருவிலும் வாழும் ஐசெனியா என்னும் சிவப்புப் புழு. வளர்ப்பது எளிது, விரைவாகப் பெருகும். ஆனால் அது வயல் மண்ணில் வாழும் புழுவல்ல. வயலில் வாழும் இனங்களைவிட அது பூச்சிநாசினிகளைக் கூடுதலாகத் தாங்குகின்றது என்று பிரான்சிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். குளிர்நாட்டு வயலில் பெற்ற முடிவும் எமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே பனிக்காலத்தில் தாள் உக்காமல் கிடக்கும். இங்கே மாரி மழையில் வேகமாக உக்கும், அதன்பின் கோடையில் மண் கல்லாகும். எமது செம்மண்ணிலும் வயற் களியிலும், எமது மண்புழுவையும் கறையானையும் வைத்து, குறைந்தது இரண்டு மாரியும் ஒரு கோடையும் பார்த்தபின்னரே எவரும் எமக்கு உறுதிமொழி தரலாம். பூச்சு விதையையும் களைநாசினியையும் சேர்த்தே சோதிக்கவேண்டும், விதையைத் தனியே அல்ல. கமக்காரர் அமைப்புக்கள் இதைக் கமநல நிலையக் கூட்டங்களில் இப்போதே எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது. விதை வந்தபின் கேட்டால் பிந்திவிடும்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். விதை மாறினாலும் மாறாவிட்டாலும், இன்று எமது காணியில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் நாளை என்ன குறைந்தது என்று சொல்ல முடியாது. மாரி மழை தொடங்கி இரண்டு மூன்று வாரம் சென்றபின், அதிகாலையில், ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். வெட்டிய மண்ணை வெள்ளைச் சாக்கில் பரப்பி, கையால் உதிர்த்து, மண்புழுக்களை எண்ணுங்கள். ஆழத்தில் இருப்பவை வெளிவர, கடுகுத் தூள் கரைத்த தண்ணீரைக் குழிக்குள் ஊற்றலாம். வந்தவற்றை நல்ல தண்ணீரில் அலசித் திரும்ப மண்ணில் விட்டுவிடுங்கள். வேலியோரம் ஒரு குழி, மருந்தடித்த இடத்தில் ஒரு குழி, மரத்தடியில் ஒரு குழி என்று மூன்று வெட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பிள்ளைகளைக் கொண்டு எண்ணுவிப்பது இன்னும் நல்லது, அவர்கள் பெரியவர்களைவிடப் பொறுமையாக எண்ணுகிறார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்ட பெரியவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறோம், பேரனையும் கூட்டிக்கொண்டு செய்வதாகச் சொன்னார்.

எண்ணியதைக் கொப்பியில் குறித்து எமக்கும் எழுதி அனுப்புங்கள். மண்ணின் நிறம், காணி எத்தனை ஆண்டு தரிசாகக் கிடந்தது, கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தீர்கள் என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். குத்தகைக் காணியானால் அதையும் குறிப்பிடுங்கள். ஒரு புழுவும் அகப்படாத குழி என்றாலும் எழுதுங்கள்.